இன்ஜின் உதறலும் லாஸ் ஏஞ்சல்ஸ் புகையும்

பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒண்ணு சிக்னல்ல நிக்கும்போது உதறுதுன்னு வைங்க. மெக்கானிக் என்ன செய்வார்? ஓடுற இன்ஜின்ல பிளக் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டுவார். எதைக் கழட்டினா சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யலைன்னு அர்த்தம். 4 சிலிண்டர், ஒரு ஜோடி காது. அவ்வளவுதான் கருவி.

இன்னைக்கு ஸ்கேனரைச் சொருகினா, ‘இரண்டாவது சிலிண்டர்’னு அதுவே சொல்லிடுது. மெக்கானிக் வேலையைச் சுலபமாக்கத்தான் இது வந்ததுன்னு நானும் நினைக்கலாம், நீங்களும் நினைக்கலாம். வரலாறு வேற.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை மூடிய புகைமூட்டத்துக்குக் கார் புகை முக்கியக் காரணம்னு 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் காட்டினார். புகையைச் சுத்தப்படுத்த பின்னாடி கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்தது. ஆனா மிஸ்ஃபயர் ஆகி எரியாம வர்ற பெட்ரோல், அதையும் சூடாக்கிக் கெடுத்துடும். அதனால 1996 மாடல் முதல், அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் கார்கள் மிஸ்ஃபயரைத் தாமே கண்டுபிடிச்சு விளக்கு காட்டணும்னு விதி வந்தது.

அதனாலதான் சொல்றேன்: அந்த விளக்கே இல்லாத பழைய வண்டி உதறினா தள்ளிப்போடாதீங்க. எரியாத பெட்ரோல், பின்னாடி பைக்ல நிக்கிறவர் மூச்சுக்குள்ளதான் போகுது.