‘எல்லாத் தவறுகளும் பாதுகாக்கப்பட்டவை’: 1976ஆம் ஆண்டு நிரல் ஒன்றின் முகப்பு வரியும் திறமூலத்தின் முன்வரலாறும்

எரிக் ரேமண்டின் ‘ஹேக்கர் உலகின் சுருக்க வரலாறு’ 1999இல் ‘ஓப்பன் சோர்சஸ்’ தொகுப்பில் இடம்பெற்றது. திறமூலத்தின் பூர்வீகத்தை எழுதுவோர் பலரும் அன்று முதல் அவர் வரைந்த வம்சாவளியையே பின்பற்றுகிறார்கள். அதில் இரண்டு பெருங்கிளைகள் உண்டு. ஒன்று, பிடிபி-10 கணினிகளைச் சூழ்ந்து வளர்ந்த ஆய்வுக்கூட மரபு; மற்றொன்று, யூனிக்ஸும் சி மொழியும் வளர்த்த மரபு. வீட்டுக் கணினிகளில் பேசிக் மொழி எழுதிய ஆர்வலர்களை மூன்றாவது ஓடையாக அவர் குறிப்பிடுகிறார். முதலிரு மரபினரும் அவர்களுடைய மொழியைப் பொருட்படுத்தவே இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார். பின்னர் டாஸ், மேக் பயனர்களைப் பற்றிப் பேசும்போது காரணமும் தருகிறார்: சிறுகணினிக் குழுக்கள் ஈசல்போல் தோன்றி மறைந்தன, இணையம் போன்ற பரந்த வலையமைப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை, ஆகவே பொதுவான சொல்வழக்கோ கதைமரபோ அவர்களிடம் நிலைபெறவில்லை.

இந்த முடிவின் பிற்பாதியை ஏற்க இயலவில்லை. மறுப்புக்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, அச்சில் வந்த ஒரு நிரல் பட்டியலின் முகப்பு.

பின்னணி பலர் அறிந்ததே. ஆல்டேர் கணினிக்கு எழுதிய பேசிக்கை உரிமையாளர்களில் 10 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று பில் கேட்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் 1976 பிப்ரவரி 3 எனத் தேதியிடப்பட்டது. பேசிக்கின் சிறு வடிவங்களை ஆர்வலர்களே எழுதிப் பகிர்ந்த டைனி பேசிக் இயக்கம் அக்கடிதத்துக்கு எதிர்வினையாகப் பிறந்ததாகச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் டென்னிஸ் அல்லிசன் அதன் வரைவை ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’யின் செய்தித்தாளில் எழுதத் தொடங்கியது 1975இலேயே. டெக்சாசைச் சேர்ந்த டிக் விப்பிள், ஜான் அர்னால்ட் இருவரின் நிரலும் 1976 ஜனவரியில் தொடங்கிய ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ முதல் இதழிலேயே வந்துவிட்டது. கடிதத்துக்கு விடை என்று கொள்ளத்தக்கது டாம் பிட்மன் தம் டைனி பேசிக்கை 5 டாலருக்கு விற்றதுதான். கோபத்துக்கு முன்னரே பகிர்வு தொடங்கிவிட்டது.

இனி அந்த முகப்பு. லி-சென் வாங் எழுதிய ‘பாலோ ஆல்டோ டைனி பேசிக்’, இன்டெல் 8080 செயலிக்கானது. 2 கிலோபைட்டுக்குள் அடங்கியது. தலைப்பு, பதிப்பு எண், ஆசிரியர் பெயர், தேதி ஆகியவற்றை அடுத்து இரண்டு வரிகள் வருகின்றன: ‘@காப்பிலெஃப்ட்’, ‘ஆல் ராங்ஸ் ரிசர்வ்ட்’. ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்பது உரிமை, வலம், சரி என்ற மூன்று பொருளும் தரும். ‘காப்பிரைட்’டின் வலத்தை இடமாக்கினால் ‘காப்பிலெஃப்ட்’. ‘எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற வாய்பாட்டில் சரியைத் தவறாக்கினால் ‘எல்லாத் தவறுகளும் பாதுகாக்கப்பட்டவை’. முன்னே நிற்கும் @ குறி கவனத்துக்குரியது. அன்றைய ஆஸ்கி எழுத்துத் தொகுதியில் வட்டத்துக்குள் சி இட்ட பதிப்புரிமைக் குறி கிடையாது. வட்டத்துக்குள் எழுத்து என்ற தோற்றத்துக்கு மிக நெருங்கியது @ மட்டுமே. ஆகவே அது பதிப்புரிமைக் குறியின் இடத்தில் அமர்த்தப்பட்டது என்றே கொள்கிறேன். அப்படியானால் இது போகிறபோக்கில் எழுதிய வேடிக்கை அல்ல. சட்ட அறிவிப்பு ஒன்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி வைத்த வேலை.

தேதியில் ஒரு முடிச்சு இருக்கிறது. முகப்பில் உள்ளது ‘10 ஜூன், 1976’. நிரல் வெளிவந்ததோ டாக்டர் டாப்ஸின் 1976 மே இதழில். இதழ் அட்டையிலுள்ள மாதத்துக்குப் பிந்தி அச்சேறியிருக்கலாம். அல்லது இன்று பரவலாகக் கிடைக்கும் முகப்பு முதல் அச்சுக்குப் பிந்திய திருத்தப் படியிலிருந்து வந்திருக்கலாம். இரண்டில் எதையும் முடிந்த முடிபாக வைக்கச் சான்று போதாது. ‘1976 நடுப்பகுதி’ என்பதற்கு மேல் துல்லியம் கோருவது முறையாகாது.

தேதியைவிட முக்கியமானது பாடபேதம். 1976 டிசம்பர் ‘இன்டர்ஃபேஸ் ஏஜ்’ இதழில் ரோஜர் ராவ்ஸ்கோல்ப் இந்நிரலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். அதன் முகப்புத் தேதி 1976 அக்டோபர் 10. வாங் கையாண்ட கட்டளைக் குறிகளை அவர் இன்டெல்லின் குறிகளுக்கு மாற்றினார். நிரலிலும் திருத்தங்கள் செய்தார். பதிப்பு எண் மாறியது, தேதி மாறியது, மாற்றியவர் பெயர் சேர்ந்தது, மூல ஆசிரியர் பெயர் நின்றது. அந்த இரண்டு வரிகளும் அப்படியே நின்றன.

ஏடு பெயர்த்து எழுதுவோர் பொருள் அறியாமலே முன்னோர் குறிப்பைச் சுமந்து வருவதுண்டு. இதுவும் அத்தகையதுதானே என்று மறுக்கலாம். மறுப்பு வலுவானது. ஆனால் ராவ்ஸ்கோல்ப் முகப்பைக் கண்மூடிப் பெயர்க்கவில்லை. அதைத் திறந்து, மாற்ற வேண்டியவற்றை மாற்றியிருக்கிறார். திருத்துவோர் கை பட்ட இடத்தில் தொடப்படாமல் நிற்கும் வரி, தெரிந்தே விடப்பட்டது என்று கொள்வதே இயல்பு. மேலும் அவர் செய்த வேலை, அந்த வரி அனுமதிப்பதாகத் தோன்றும் வேலையேதான்: பிறர் நிரலை எடுத்து, திருத்தி, பெயர் சொல்லி, மீண்டும் எல்லோருக்கும் கொடுத்தல். ஒரே ஒரு பாடபேதத்தின் மீது இவ்வளவு பாரம் ஏற்றுகிறேன் என்பதை உணர்கிறேன். என்றாலும் வரியும் செயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது அதை வெறும் சிலேடை என்று தள்ள முடியாது.

ரேமண்டிடம் திரும்புவோம். வலையமைப்பு இல்லை என்கிறார். கம்பி இல்லைதான், தாள் இருந்தது. இதழில் வந்த பட்டியலைப் பார்த்து வாசகர் ஒவ்வோர் எண்ணாகத் தட்டெழுதினார். ஓர் எண் பிழைத்தாலும் நிரல் நின்றுவிடும். ஆகவே பெயர்த்தெழுதிய ஒவ்வொருவரும் ஏறத்தாழ மூல நிரலின் வாசகரும் ஆனார். பிழை கண்டவர் இதழுக்கு எழுதினார். திருத்தம் அடுத்த இதழில் வந்தது. வேகம் மாதக் கணக்கில் இருந்தது என்பதைத் தவிர, பிற்காலத்தில் யூனிக்ஸ் மரபினர் பெருமையோடு சொல்லிக்கொண்ட கூட்டுத் திருத்த முறையின் உறுப்புகள் யாவும் இங்கே உள்ளன. குழுக்கள் நீடிக்கவில்லை என்பதில் ரேமண்ட் சரி. ஆனால் அவர் மரபை ஆட்களின் ஆயுளால் அளக்கிறார். வழக்கமும் சொல்லும் கைமாறுவதைக் கொண்டு அளந்தால் கணக்கு மாறும்.

அவர் வாதத்துக்கு வலுவூட்டும் சான்றையும் மறைக்கலாகாது. 1977 ஆகஸ்டில் டாண்டி நிறுவனம் திரையோடு சேர்த்து 599.95 டாலருக்கு டிஆர்எஸ்-80 கணினியை ரேடியோ ஷாக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. அதன் 4 கிலோபைட் ரோமில் இருந்த ‘லெவல் 1 பேசிக்’, ஸ்டீவ் லெய்னிங்கர் வாங்கின் நிரலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. உறவை உள்ளேயே காணலாம். வாங்கின் நிரலில் பிழைச் செய்திகள் மூன்றே: புரியாத கட்டளைக்கு ‘வாட்?’, செய்ய இயலாததற்கு ‘ஹவ்?’, நினைவகம் போதாதபோது ‘சாரி’. லெவல் 1இலும் அதே மூன்று. கட்டளைகளைப் புள்ளியிட்டுச் சுருக்கும் வழக்கமும் அப்படியே. வாங்கிடம் @ எனப் பெயர் பெற்ற ஒற்றை அணி, இங்கே ஏ என்று பெயர் மாறியது. தசம எண்கள் புதிதாகச் சேர்ந்தன. வாங்கியவர் கைக்கு வந்தது சில்லு; தட்டெழுதித் திருத்தத்தக்க பட்டியல் அல்ல. அடுத்து வந்த ‘லெவல் 2’ மைக்ரோசாஃப்டினுடையது.

நிரலை இப்படிச் சில்லுக்குள் மூடுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அன்று அமெரிக்காவில் நடைமுறையில் இருந்த 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய அறிவிப்பின்றி வெளியிட்ட ஆக்கம் பொதுச் சொத்தாகிவிடும். ‘காப்பிலெஃப்ட்’ உரிய அறிவிப்பாகாது. இதழின் பொது அறிவிப்பு நிரலையும் காத்தது என்று வாதிட இடம் உண்டு. ஆயினும் அந்த வரி தன்னளவில் பூட்டாகவில்லை, கதவைத் திறந்தே வைத்தது. எடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்ற கடமையை அதனால் விதிக்க முடியவில்லை.

அக்கடமையை விதித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பதிப்புரிமையை மறுக்காமல் அதையே கருவியாக்கிய க்னூ பொது உரிமத்தின் முதல் பதிப்பு 1989 பிப்ரவரியில் வந்தது. இன்று தமிழில் அளிப்புரிமை என்கிறோமே, அதன் ஆங்கிலச் சொல்லை டான் ஹாப்கின்ஸ் 1984இலோ 1985இலோ அனுப்பிய ஒரு கடிதத்தின் உறையிலிருந்து எடுத்ததாக ஸ்டால்மன் சொல்கிறார். அங்கே இருந்த வாசகம் ‘எல்லா உரிமைகளும் தலைகீழாக்கப்பட்டவை’ என்பது. வாங் வாய்பாட்டின் ‘உரிமை’யை மாற்றினார்; இது ‘பாதுகாக்கப்பட்டவை’யை மாற்றுகிறது. முதற்சொல் ஒன்றே, பாடம் வேறு. ஆகவே நேர்வழித் தொடர்பைக் கோரவில்லை. ஒரே சிலேடை இரு இடங்களில் தனித்தனியே முளைத்திருக்கலாம். எனினும் ஸ்டால்மனின் க்னூ அறிக்கை 1985 மார்ச்சில் அச்சேறியது, வாங்கின் நிரலை வெளியிட்ட அதே டாக்டர் டாப்ஸில். ஈசல்கள் மறைந்த பின்னும் அவை பறந்த முற்றம் இருந்தது.

2002 இறுதியில் கடைக்கு வந்த லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தபோது, டிஆர்எஸ்-80இன் நிலைமை அப்படியே திரும்பியது: பொதுவில் எழுதிய நிரல், மூடிய பெட்டிக்குள். இம்முறை முகப்பு வரிக்குப் பின்னால் உரிமம் நின்றது. 2003இல் மூலம் வெளிவந்தது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. 1976இல் விருப்பமாக இருந்தது 1989இல் கடமையாகி, 2003இல் ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்தது.

ரேமண்டின் வம்சாவளியை அழிக்க வேண்டியதில்லை. மூன்றாம் ஓடையிலிருந்து இரண்டு பெருங்கிளைகளும் கூடும் இடம்வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். இன்றுள்ள சான்றின் அளவில் அது புள்ளிக்கோடுதான். ஆனால் அந்த இடத்தை வெற்றிடமாக விடுவது தகாது.