சுவரைத் துளைத்த சர்க்யூட்

குவாண்டம் என்றதும் அணு, எலக்ட்ரான் என்று கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள்தான் நினைவுக்கு வரும். எலக்ட்ரான் தன்னால் ஏறித் தாண்ட முடியாத தடையை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். இதற்கு டன்னலிங் என்று பெயர். சரி, கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் உள்ள ஒரு மின்சுற்று, மொத்தமாக ஒரே பொருளாக அப்படிப் போகுமா? 1980 வாக்கில் இந்தக் கேள்வியை அழுத்தமாகக் கேட்டவர் அந்தோணி லெகெட். சோதிக்க ஏற்ற இடமாக அவர் கண்டது ஜோசப்சன் சந்தி.

அதற்கும் ஒரு கதை உண்டு. 1962-ல் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர் பிரையன் ஜோசப்சன் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் இருந்தாலும், எலக்ட்ரான் ஜோடிகள் மின்னழுத்தமே இல்லாமல் அதைக் கடக்கும் என்றார். மீகடத்திக் கோட்பாட்டை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜான் பார்டீன் அதை மறுத்து எழுதினார். 1963-லேயே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவலும் சோதித்துக் காட்ட, மாணவர் சொன்னதே சரி என்றாயிற்று!

லெகெட்டின் கேள்வி இன்னும் ஒரு படி மேலே. அங்கே கடந்தது தனித்தனி ஜோடி. இங்கே சர்க்யூட்டின் மொத்த நிலையையும் பள்ளத்தில் கிடக்கும் ஒரே கோலிக்குண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு பள்ளத்துக்குள் இருக்கும்வரை மின்னழுத்தம் இல்லை. வெளியே வந்தால் மீட்டரில் தெரிந்துவிடும். வெப்பமும் அதை உதைத்து வெளியே தள்ளும். ஆகவே குளிரவைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் தப்பிக்கும் வேகம் குறையவில்லை என்றால், அது டன்னலிங்.

கேட்க எளிதுதான். ஆனால் வெளியிலிருந்து வரும் ஒயர் வழியாக நுழையும் இரைச்சலும் அச்சு அசலாக இதே விளைவைத் தரும்! 1981-லேயே சிலர் டன்னலிங்கைக் கண்டதாக அறிவித்தார்கள். சந்தேகம் தீரவில்லை.

1984-85-ல் பெர்க்லியில் ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஆய்வு மாணவர் ஜான் மார்டினிஸ் மூவரும் செம்புத்தூள் அடைத்த வடிகட்டிகளால் இரைச்சலைத் தடுத்தார்கள். அதோடு விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அதே சந்தியின் மின்னோட்ட வரம்பைக் காந்தப்புலத்தால் குறைத்தார்கள். அப்படிச் செய்தால் டன்னலிங் தலைகாட்ட இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இரைச்சல் என்றால் அது பாட்டுக்கு உதைத்துக்கொண்டே இருக்கும். குறைத்தபோது தப்பிக்கும் வேகம் வெப்பநிலையோடு சேர்ந்து ஒழுங்காக இறங்கியது. இரைச்சல் குற்றவாளி இல்லை!

பிறகு நுண்ணலை பாய்ச்சினார்கள். குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டும் குண்டு சட்டென்று வெளியே வந்தது. அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சில்லில் இருந்த சர்க்யூட்டுக்கு, அணுவைப் போலவே படிப்படியான ஆற்றல் நிலைகள்!

அந்தப் படிகளில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் ஒரு க்யூபிட். 2019-ல் கூகுள் காட்டிய 53 க்யூபிட் சிக்கமோர் இந்த வம்சம்தான். வன்பொருள் குழுவின் தலைவர் அதே மார்டினிஸ். மூவருக்கும் நோபல் வந்தது 2025-ல். கேள்வி கேட்ட லெகெட்டுக்கு 2003-லேயே நோபல் கிடைத்திருந்தது... ஆனால் அது திரவ ஹீலியம் பற்றிய வேறு வேலைக்கு!