இரண்டு நாளில் தடை, ஒன்பது ஆண்டில் தீர்ப்பு

மகத் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1927 மார்ச் 20. அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த நாள். அடுத்து, அதே ஆண்டு டிசம்பர் 25. மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட நாள். இந்த இரண்டையும் ஆண்டுதோறும் மேடை போட்டுப் பேசுகிறோம். நாம் அதிகம் பேசாத மூன்று தேதிகள் மகத் வழக்கின் கட்டுக்குள் இருக்கின்றன.

பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. 1924இல் மகத் நகராட்சி அதை ஏற்றது. மக்கள் உண்மையிலேயே குளத்தில் இறங்கிய பிறகு, 1927 ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பர் 12 அன்று சாதி இந்துக்கள் சிலர் அம்பேத்கர் மீதும் அவருடைய தோழர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். தீண்டப்படாதோரை விலக்கி வைப்பது காலங்காலமான வழக்கம் என்பது அவர்கள் வாதம். டிசம்பர் 14 அன்று தற்காலிகத் தடை கிடைத்துவிட்டது. மாநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் திரண்ட மக்கள் குளத்தில் இறங்காமலே திரும்பினார்கள்.

வழக்குத் தொடுத்தவர்கள் கீழ் நீதிமன்றங்களில் தோற்றும் விடவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்ன நாள் 1937 மார்ச் 17. முதல் கை நீரை அள்ளிப் பத்து ஆண்டுகள் நிறைய மூன்று நாட்களே பாக்கி.

தடைக்கு 2 நாள். இறுதித் தீர்ப்புக்கு 9 ஆண்டு 3 மாதம். தீர்ப்பு நமக்குச் சாதகம்தான். ஆனால் ஒரே வழக்கில் ஒரு மனு இவ்வளவு வேகமாகவும் இன்னொரு கேள்வி இவ்வளவு மெதுவாகவும் நகர்ந்தது எப்படி? இது சட்டப் பிரிவுகளைப் பற்றிய கேள்வி அல்ல. வழக்கை எந்த நீதிமன்றத்துக்கு ஒதுக்குவது, எப்போது விசாரணைக்கு எடுப்பது, எத்தனை வாய்தா கொடுப்பது என்ற நீதிமன்ற நிர்வாகத்தைப் பற்றியது. சாதி அங்கேயும் வேலை செய்கிறதா என்று கேட்பது சமூகவியல் படித்த நம்முடைய வேலை.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1970இல் அமர்வு நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலவுடைமையாளர்கள் தாங்களே நேரில் போய் இப்படிச் செய்திருப்பார்களா என்ற அந்தத் தீர்ப்பின் சந்தேகத்தை நாம் இன்றும் கோபத்தோடு பேசுகிறோம். பேச வேண்டும். ஆனால் அந்த விடுதலை சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1990இல். நடுவே 17 ஆண்டுகள் அந்த மேல்முறையீட்டுக்கு என்ன நடந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் தாக்குதல் நடத்தியது 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். இது வரலாற்று வெற்றி. தாமதமே 54 பேரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றிவிட்டது என்பதும் அதே வரலாறு.

இன்று சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் இயன்றவரை விசாரணையை முடிக்கச் சொல்கிறது. உங்கள் மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில் அது நடக்கிறதா? இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தா தேதியும், அன்று வழக்கு எதற்காக எடுக்கப்பட்டது என்பதும் வரும். சம்மன் போகவில்லையா, சாட்சி வரவில்லையா, அரசு வழக்கறிஞர் நியமிக்கப்படவில்லையா என்று முப்பது நாற்பது வழக்குகளுக்கு அட்டவணை போட்டுப் பாருங்கள். புலம்பலாகச் சொல்லிவந்தது சான்றாக மாறும்.

அந்தச் சான்றை நம் கூட்டங்களோடு நிறுத்திவிடக் கூடாது. நீதிமன்ற நிர்வாகத்துக்கென்றே ஆய்விதழ்கள் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஃபார் கோர்ட் அட்மினிஸ்ட்ரேஷன்’ அவற்றில் ஒன்று. யாரும் காசில்லாமல் படிக்கலாம். தேங்கிய வழக்குகளைப் பற்றியும் நிர்வாகச் சீர்திருத்தங்களைப் பற்றியும் இத்தகைய இதழ்களில்தான் விவாதம் நடக்கிறது. அங்கே நாம் எழுதாவிட்டால் நம் வழக்குகள் ‘நிலுவை’ என்ற ஒற்றை எண்ணுக்குள் சாதி தெரியாமல் கரைந்துபோகும்.

அனுப்பும் முறை அப்படியொன்றும் மர்மமானதல்ல. முதலில் இதழின் வழிகாட்டுதலை வரிக்கு வரி படிக்க வேண்டும். ஒரே கேள்வி, அதற்கான தரவு, தரவைத் திரட்டிய முறை, சிறு சுருக்கம் போதும். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரும் ஊரும் வெளியே தெரியாதபடி காப்பது நம் முதல் கடமை. பல இதழ்கள் எழுதியவர் பெயரை மறைத்தே கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றன. பெயரையும் ஊரையும் வைத்தே சாதியை மோப்பம் பிடிக்கும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல. திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் சோர வேண்டாம். பெரும்பாலான கட்டுரைகளுக்கு அதுதான் நடைமுறை. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள்.

1916 மே மாதம் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ ஆய்விதழ் அதை வெளியிட்டது. வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. மகத் குளக்கரைக்கு அவர் வந்தது அதற்குக் கிட்டத்தட்டப் பதினொரு ஆண்டுகள் கழித்து. எழுத்தையும் போராட்டத்தையும் அவர் தனித்தனியாக வைக்கவில்லை.

தோழர்களே, உங்களில் பலருக்கும் இப்போது அதே வயதுதான். முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள் இந்த வாரமே பக்கத்துச் சிறப்பு நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலை எடுங்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேதிகளிலிருந்து தொடங்குவோம்.