போனபோவா, சிம்பன்சியா? மனிதன் யார் மாதிரி?

மனிதன் பிறவியிலேயே சண்டைக்காரனா, சமாதானப் பிரியனா? இதற்கு விடை தேடி விஞ்ஞானிகள் குரங்குகளைப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்தக் குரங்கைப் பார்த்தார்களோ அதற்கேற்ற விடைதான் கிடைத்தது!

1960-ல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் சிம்பன்சிகளை ஆராயத் தொடங்கினார். அங்கே 1974 முதல் 1978 வரை ஒரு கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தாக்கி அழித்தது. போர் மனிதனின் ரத்தத்திலேயே ஊறியது என்ற கருத்து வலுத்தது.

போனபோ வேறு கதை சொன்னது. காங்கோ ஆற்றின் தென்புறத்தில் மட்டுமே வாழும் இதை, 1929-ல் பெல்ஜிய அருங்காட்சியகம் ஒன்றிலிருந்த மண்டையோட்டை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்வார்ஸ் அடையாளம் கண்டார். 1933-ல் ஹெரால்டு கூலிட்ஜ் இது தனி இனம் என்றார். 1970களில் ஜப்பானியரான தகயோஷி கானோ வாம்பா கிராமத்தருகே ஆராய்ச்சியைத் தொடங்கினார். போனபோக்களில் பெண்கள் கூட்டணி சேர்ந்து ஆண்களை அடக்குகின்றன. உணவைக் கண்டு பதற்றம் எழும்போது அதை உடலுறவால் தணித்துக்கொள்கின்றன. மரபணுக் கணக்கில் சிம்பன்சியும் போனபோவும் மனிதனுக்கு ஏறத்தாழ ஒரே தூரத்து உறவினர்கள்தான். அப்படியானால் எதை நம்புவது?

இந்தியாவிலும் இந்த விவாதம் நடந்தது. 1962-ல் கர்நாடகத்தின் தார்வாரில் யுகிமாரு சுகியாமா, அனுமான் மந்திக் கூட்டத்தைப் புதிய ஆண் கைப்பற்றியபோது குட்டிகள் கொல்லப்பட்டதைப் பதிவு செய்தார். நெரிசலால் வந்த கோளாறு என்றனர் சிலர். 1971 முதல் அபு மலையில் ஆராய்ந்த சாரா ஹிர்டி, 1977-ல் வெளியான தன் நூலில் வேறு விளக்கம் தந்தார். குட்டியை இழந்த தாய் சீக்கிரமே மீண்டும் கருத்தரிக்கும். அது புதிய ஆணின் வாரிசாகும். தாய்களும் சும்மா இருப்பதில்லை, சேர்ந்து எதிர்க்கின்றன என்பதையும் அவர் காட்டினார்.

ஆனைமலை அடிவாரத்தில், அமராவதி அணையை ஒட்டியுள்ள அமராவதி நகர்ப் பகுதியில் நாட்டுக்குரங்குகள் சாதாரணம். தென்னிந்தியாவுக்கே உரிய இந்த இனத்தை 1960களில் ஆராய்ந்த பால் சைமண்ட்ஸ், வளர்ந்த ஆண்கள்கூட நெருங்கி உட்கார்ந்து பேன் பார்த்துக்கொள்வதையும், சேர்ந்து விளையாடுவதையும் எழுதினார். வடநாட்டு ரீசஸ் குரங்கின் ஆண்களிடம் இவ்வளவு நெருக்கம் இல்லை. இரண்டும் நெருங்கிய உறவினங்கள். ஆனால் குணம் வேறு. இதே மலைப்பகுதியில் தார்வார் மந்தியின் உறவினமான சாம்பல் மந்தியும் வாழ்கிறது.

இந்த வேறுபாடுகள் எப்படி வந்தன? போனபோ விஷயத்தில் ரிச்சர்டு ராங்கம் ஒரு கருத்தைச் சொல்கிறார். ஆற்றின் தென்புறத்தில் கொரில்லா இல்லாததால் தரையில் கிடைக்கும் தழை உணவுக்குப் போட்டி குறைவு. அதனால் பெண்கள் பிரிந்து அலையாமல் சேர்ந்தே திரிய முடிந்தது. சேர்ந்திருந்ததால் பலம் வந்தது.

போனபோவையும் முனிவராக்கிவிட முடியாது. ஆண் போனபோக்கள் சிம்பன்சிகளைவிட அடிக்கடி சண்டையிடுகின்றன என்று 2024-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அந்தச் சண்டைகள் கூட்டாகக் கொல்லும் அளவுக்குப் போவதில்லை.

ஆக, வன்முறை விதியும் அல்ல, அன்பு வரமும் அல்ல. நெருங்கிய உறவினங்களிடமே இரண்டும் வெவ்வேறு அளவில் காணப்படுகின்றன. உணவும் கூட்டணியும் மாறினால் குணமும் மாறும். "மனிதன் இப்படித்தான், குரங்கிலிருந்து வந்தவன்தானே" என்று சொல்பவரிடம், எந்தக் குரங்கு என்று கேட்க வேண்டும்.