மழை நிறுத்திய பரீட்சையும் மூடிவைத்த புத்தகமும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, க.பொ.த. உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. அதற்கு முந்தைய வருடமும் நவம்பர் மழையால் பரீட்சை சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டிருந்தது. கலஹா பக்கம் ஒரு தோட்டத்தில் நான் ஞாயிறு வகுப்பு நடத்துகிறேன். பாதை திறந்த பிறகு வந்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "சேர், அந்தப் பாடத்த முதல் நாள் ராத்திரிதான் முழுசா பாடமாக்கினேன். இப்ப பாத்தா ஒண்ணுமே ஞாபகத்தில இல்ல."

அவள் சோம்பேறி அல்ல. இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருந்து படிப்பவள். படித்த விதத்தில்தான் பிழை. அதே பிழையைச் செய்துதான் நானும் சாதாரண தரத்தில் கணித பாடத்தை முதல் தடவை கோட்டைவிட்டேன். செய்து காட்டிய கணக்குகளைக் கதைப் புத்தகம் போல வாசித்தேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்கியது. மண்டபத்தில் வெள்ளைத் தாளைப் பார்த்தபோது முதல் வரி வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணன் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவைக்கு அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: புத்தகத்தை மூடிவிட்டு எழுது.

அண்ணன் அனுபவத்தில் சொன்னதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006 இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். ஒரு பந்தியை ஒரு குழுவினர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றக் குழுவினர் வாசித்த பிறகு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. முதல் நாள் இரவுப் படிப்பு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். அடுத்த நாள் காலையில் கைகொடுக்கும். ஒரு மண்சரிவு வந்து பரீட்சை தள்ளிப் போனால் கைவிட்டுவிடும்.

நான் பிள்ளைகளிடம் கேட்பது பெரிய விடயமல்ல. ஓர் அலகைப் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை அதையே செய்ய வேண்டும். சிவப்பு குறைந்துகொண்டே வருவதைப் பிள்ளை தானே காணும். முதல் வாரம் எல்லாரும் வெறுப்பார்கள். வாசிப்பது சுகம், எழுதுவது கஷ்டம். மறந்துபோனது முகத்துக்கு நேரே தெரிந்துவிடும்.

அடுத்தது கடந்தகால வினாத்தாள். எல்லாரும் செய்கிறார்கள்தான், ஆனால் பெரும்பாலானோர் விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். பரீட்சைத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் வினாத்தாள்களை மட்டுமல்ல, பல பாடங்களுக்குப் புள்ளி வழங்கும் திட்டத்தையும் வெளியிடுகிறது. எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று அதில் இருக்கும். கடிகாரத்தை வைத்து எழுதி, அந்தத் திட்டத்தைக் கொண்டு தானே திருத்திப் பார்த்த பிள்ளைக்கு, பக்கம் நிறைய எழுதுவதற்கும் புள்ளிக்கு எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் விளங்கிவிடும். கண்டி டவுனுக்கு பஸ் ஏறி, கட்டணம் கட்டி, நூற்றுக்கணக்கானோர் நடுவே உட்கார்ந்து கேட்கும் வகுப்பில் கிடைக்காத ஒன்று இது. வகுப்புக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்புக்குப் போய் வந்த களைப்பைப் படிப்பு என்று எண்ணக்கூடாது.

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் பயப்படும் சாதாரண தரக் கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். பகுதி I க்கு இரண்டு மணித்தியாலம். அதன் A பிரிவில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. B பிரிவில் ஐந்து வினாக்கள், தலா 10. பகுதி II இல் மூன்று மணித்தியாலத்தில் பத்து வினாக்கள். A யில் ஆறில் ஐந்து, B யில் ஆறில் ஐந்து. மொத்தம் 200 புள்ளி, அதை இரண்டால் வகுப்பார்கள். சாதாரண சித்திக்கு 35 போதும், அதாவது இருநூற்றில் எழுபது. A பிரிவின் 50 புள்ளியில் நாற்பதை எடுக்கும் பிள்ளைக்கு, மீதி நூற்றைம்பதில் முப்பது எடுத்தால் சித்தி. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது சில முகங்கள் மாறுவதைக் கண்டிருக்கிறேன். "எனக்குக் கணக்கு வராது" என்று இருந்த பிள்ளை, 25 சிறு வினாக்களைத் தினமும் செய்யத் தொடங்கும். பகுதி II இல் இருபடிச் சார்பின் வரைபு, கவராயத்தால் செய்யும் அமைப்பு, கூட்டமாக்கிய தரவுகளின் இடை, விருத்திகள் என்று பழகிய முகங்கள் திரும்பத் திரும்ப வரும். விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு. ஆகவே கணக்கை வெட்டிவிட்டு வெறுந்தாளாகக் கொடுக்காதீர்கள். கணிதச் சித்தியைக் கேட்காத அரச வேலை விண்ணப்பம் குறைவு.

விஞ்ஞானத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. இப்போது பிள்ளைகள் கைபேசியில் யூடியூப் பார்த்துப் படிக்கிறார்கள். அதில் நல்ல பாடங்கள் பல தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. சொற்கள் வேறு. அவர்கள் ஆக்ஸிஜன் என்பதை நாம் ஒட்சிசன் என்கிறோம். செல் என்பது நமக்குக் கலம், ஒளிச்சேர்க்கை நமக்கு ஒளித்தொகுப்பு, முடுக்கம் நமக்கு ஆர்முடுகல். இவை பரவாயில்லை, வேறு சொல் என்று தெரிந்துவிடும். ஆபத்தானது 'வேகம்'. தமிழ்நாட்டில் திசையில்லாத கணியம் வேகம், திசையுள்ளது திசைவேகம். நமது பாடநூலில் திசையில்லாதது கதி, திசையுள்ளதுதான் வேகம். ஒரே சொல், இரண்டு அர்த்தம். வீடியோவைப் பாருங்கள், பார்த்து முடிந்ததும் நமது பாடநூலைத் திறந்து சொற்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பகுதி II க்குத் தரும் மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம். அதில் எந்த வினாக்களை எழுதுவது, எதை முதலில் எழுதுவது என்று முடிவெடுத்துவிட வேண்டும். கணிதம் பகுதி II இல் ஒரு வினாவுக்கு 18 நிமிடம் வரும், பதினெட்டாவது நிமிடத்தில் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். பல்தேர்வில் பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள். ஒவ்வொரு தாளிலும் சுட்டெண். அனுமதி அட்டை கைக்கு வந்த அன்றே பாடமும் மொழிமூலமும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் அதிபரிடம் உடனே சொல்லுங்கள். பரீட்சை காலையில் சொன்னால் பதற்றம்தான் மிச்சம்.

மலைப்பகுதிக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. உயர்தரம் நவம்பரில் வந்தால் மழையும் கூடவே வரும். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் கையில் எடுக்கும் இடத்தில் வையுங்கள். நிலையத்துக்குக் கிட்ட உறவினர் வீடு இருந்தால் முதல் நாளே போய்விடுவது நல்லது. பாதை மூடினால் உடனே அதிபருக்கு அறிவியுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் இலக்கம் 1911, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நான் இவ்வளவு விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன. கண்டி இல்லை. ஆக, தெல்தோட்டையிலோ கலஹாவிலோ லயத்தில் படிக்கும் பிள்ளை, கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஒரு மலை தாண்டி நுவரெலியா மாவட்டத்தில் பிறந்திருந்தால் வேறு வெட்டுப்புள்ளி. இது நியாயமா என்று என்னிடம் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமில்லை என்றுதான் சொல்கிறேன். மாவட்டம் என்பது ஒரே நிறமல்ல என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் எப்போதோ பார்த்திருக்க வேண்டும். ஆனால் உயர்தரத்துக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு, கொள்கை மாறும் வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியாது.

ஜனவரிக்கு முந்தைய வாரங்களில் அந்த மாணவி தினமும் ஒரு வினாவைக் கடிகாரம் வைத்து எழுதினாள். லயத்தில் மின்சாரம் வர நாளானது. பகல் வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில் சிவப்பு மைதான் அதிகம். கடைசி ஞாயிறு கொண்டுவந்த தாளில் மூன்று இடத்தில் மட்டும் சிவப்பு இருந்தது. அந்த மூன்றையும் மறுபடி எழுதச் சொல்லி அனுப்பினேன்.