ஆங்கில வகுப்பிற்கு வந்த ஓடம்

ஆங்கிலத் தேர்வில் நம் மாணவரைப் பெரிதும் அச்சுறுத்துவது கவிதைப் பகுதியில் வரும் அணிப் பெயர்களே. சிமிலி, மெட்டஃபர், ஐரனி, சொலிலொக்வி என்னும் இச்சொற்கள் நம்மிடம் வந்து சேர்ந்த வரலாற்றை இம்மலரில் சிறிது எழுதிவைக்க விரும்புகின்றோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. ஷேக்ஸ்பியரும் டென்னிசனும் கல்லூரிப் பாடங்களாயினர். இன்று தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரி 1937 வரை ஜார்ஜ் டவுனில், துறைமுகத்திற்கு அண்மையில் இருந்தது. அதன் முதல்வர் வில்லியம் மில்லர் ஒருநாள் ஆர்தர் மன்னனின் இறுதியைப் பாடும் டென்னிசன் கவிதையை நடத்தினார் என்பர். மன்னனை ஏற்றிச் செல்லும் படகு அன்னத்திற்கு உவமிக்கப்படும் இடம் வந்தது. இத்தகைய உவமை தமிழில் உண்டோ என அவர் வினவ, மாணவர் சூரியநாராயண சாஸ்திரியார் எழுந்து, இராமனை ஏற்றிய குகனின் ஓடம் அன்னம்போற் சென்றதாகக் கம்பர் பாடியிருப்பதை எடுத்துரைத்தாராம். பின்னாளில் பரிதிமாற்கலைஞர் எனப் புகழ்பெற்றவர் அவரே. 1897இல் 'நாடகவியல்' என்னும் நூலை இயற்றி, நாடக இலக்கணத்தைத் தமிழில் வகுத்தவரும் அவரே.

தமிழாசிரியர் பலரும் பெருமையோடு கூறும் செய்தி இது. நமக்கும் பெருமையே. ஆயினும் வேறொரு நினைவும் உடன் எழுகின்றது. குகனின் ஓடம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. வெளியே கரையில் படகு வலித்தோரும் மூட்டை சுமந்தோரும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்புவது எளிதாயில்லை. ஆல்காட், நம் மக்களுக்கென முதல் இலவசப் பள்ளியை அடையாற்றில் திறந்தது 1894இல். உவமைகளை ஒப்பிட்டு மகிழ்ந்தோரும், அகரம் எழுதத் தொடங்கிய நம் முன்னோரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், ஒரே நகரத்தவர்.

எம்மில் ஒருவர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, 'மெட்டஃபர்' என்பதைத் தவறாக உச்சரித்தார். "மூட்டை தூக்கப் போகிறவனுக்கு இது எதற்கு?" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அச்சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பதையும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்லுதல் என்பதே அதன் மூலப்பொருள் என்பதையும் நம்மவர் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து. ஐரனி என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குக் கிட்டவில்லை.

நம் மாலை வகுப்புகளில் பெயரை முதலிற் கூறுவதில்லை. பொருளையே முதலிற் காட்டுகின்றோம். இழவு வீட்டில் பாட்டிமார் பாடும் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எலிஜி புதிதன்று. தெருக்கூத்தில் அரசன் தனியே நின்று தன் நெஞ்சோடு புலம்புவதைக் கண்ட பிள்ளை சொலிலொக்வியை மறப்பதில்லை. அலிட்டரேஷனுக்கு மோனை துணை நிற்கின்றது. இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல எனினும், கைப்பிடிக்க அது போதும். தண்டியலங்காரம் கூறும் பொருளணிகள் 35. அத்தனையையும் யாம் கற்பிப்பதில்லை. தற்குறிப்பேற்றத்தை மட்டும் விடுவதில்லை. எண்ணூர்ப் புகைபோக்கிகளைக் காட்டினால் பிள்ளைகள் தாமே பத்துச் சொல்லுவர்.

உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள வேறுபாடுதான் இன்றும் இடறுகின்றது. சென்ற ஆண்டு, துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள், தன் தந்தை ஒரு கிரேனைப் போன்றவர் என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தாள். இது சிமிலி, மெட்டஃபராக்கு என்றோம். சற்றுநேரம் எண்ணிப் பார்த்தாள். பின்னர் 'லைக்' என்னும் சொல்லை மட்டும் அடித்துவிட்டு, ஏட்டை எம்மிடம் நீட்டினாள்.