அந்தப் பத்தாயிரம் ரூபாயை ஆர் கட்டினது?

போன மாதம் பியோர்ண்டாலில ஒரு பிறந்தநாள் விழா. இஞ்ச பிறந்து வளர்ந்த பெடியன் ஒருத்தன், சட்டம் படிக்கிறவன், என்னட்டக் கேட்டான்: "மாமா, இலங்கையில கோர்ட் எண்டு ஒண்டு இருக்கேல்லையோ? ஏன் ஒருத்தரும் பொலிசுக்கு எதிரா வழக்குப் போடேல்லை?" அவன்ர மனசில இருந்தது சாண்ட்ரா போர்க் கதை. மாஸ்டர் ஆய்வேட்டில கொப்பியடிச்சது வெளியில வந்த கையோட 2024 ஜனவரியில அமைச்சர் பதவியை விட்டவ. (அவ இருந்தது உயர்கல்வி அமைச்சரா, அதுதான் பகிடி.) அப்பிடி ஒரு நாட்டில வளர்ந்த பிள்ளை வேற எப்பிடிக் கேக்கும்?

சோத்துக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. அதால ஆறுதலா எழுதுறன்.

எங்கட ஆக்கள் இந்தப் பேச்சு வந்தா 1974இல தொடங்குவினம். ஜனவரி 10, நாலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின்ர கடைசி நாள், யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால பொலிஸ் புகுந்தது, ஒன்பது பேர் செத்தது. அரசாங்கம் விசாரிக்கேல்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெற்சர் தலைமையில பொதுமக்களே ஒரு குழு வைச்சு விசாரிச்சு, பிழை பொலிசில எண்டு அறிக்கையும் எழுதினவை. அந்த அறிக்கையை அரசாங்கம் கணக்கில எடுக்கேல்லை.

அது கோர்ட்டுக்குப் போகாத கதை. தம்பி கேட்டதுக்குப் பதில் அதில இல்லை. பதில் ஒன்பது வருசம் கழிச்சு நடந்த ரெண்டு வழக்கில இருக்கு. ரெண்டிலயும் பாதிக்கப்பட்டது சிங்கள ஆக்கள், அதாலயோ என்னவோ நாங்கள் அதைப் பெரிசாக் கதைக்கிறதில்லை.

1982 டிசம்பர் 22, ஜே.ஆர். ஜெயவர்த்தனா தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தின்ர ஆயுளை நீட்ட சர்வசன வாக்கெடுப்பு வைச்சார். 'பவிதி ஹண்ட' எண்ட மதகுருமார் அமைப்பு அதை எதிர்த்து துண்டுப்பிரசுரம் அடிச்சது. கம்பகா பொலிஸ் அதிகாரி பிரேமதாச உடுகம்பொல அந்த அச்சகத்தைப் பூட்டி, 20,000 பிரசுரத்தையும் அள்ளிக்கொண்டு போனார். அமைப்பின்ர பிக்கு அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரையின் கீழ உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1983 பெப்ரவரியில தீர்ப்பு: உடுகம்பொல கருத்துச் சுதந்திரத்தை மீறினவர், நட்டஈடு 10,000 ரூபாயும் வழக்குச் செலவு 2,100 ரூபாயும் கட்ட வேணும்.

கோர்ட் இருந்தது. தீர்ப்பும் சரியாத்தான் வந்தது. பிறகு நடந்ததுதான் விசயம். அமைச்சரவை கூடி உடுகம்பொலவுக்குப் பதவி உயர்வு குடுத்தது. நட்டஈட்டை அரசாங்கக் காசில கட்டவும் முடிவெடுத்தது. அரசாங்கக் காசு எண்டா சனத்தின்ர காசு. பிரசுரத்தைப் பறிகுடுத்த சனமே அதுக்கான தண்டத்தையும் கட்டினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இது நடந்து சில கிழமைதான். மார்ச் 8, மகளிர் தினம். சமசமாஜக் கட்சியின்ர விவியன் குணவர்த்தனா ஊர்வலம் போன இடத்தில கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்தில அடிபட்டா. ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அவவைக் கைது செய்தது சட்டவிரோதம் எண்டு சொல்லி 2,500 ரூபாய் நட்டஈடு குடுத்தது. சம்பந்தப்பட்ட பொலிஸ்காரருக்குத் திரும்பவும் பதவி உயர்வு! சில நாளில தீர்ப்புச் சொன்ன நீதியரசர்மாரின்ர வீட்டு வாசலில காடையர் கூட்டம் வந்து நிண்டு தூசணத்தால ஏசினது.

1984இல சர்வதேச நீதியாளர் ஆணைக்குழுவுக்காக வந்த போல் சீகார்ட் இதைப்பற்றி ஜே.ஆரிட்டயே நேர கேட்டார். மனுசன் மறைக்கேல்லை. பதவி உயர்வும் காசும் தன்ர உத்தரவுதான், பொலிசின்ர மன உறுதி குலையக்கூடாது எண்டு சொன்னார்.

உணவகத்தில வேலை செய்யிறவனுக்கு இது சுகமா விளங்கும். பரிசோதகர் வந்து குசினி ஊத்தை எண்டு எழுதிப்போட்டுப் போன அடுத்த நாள், முதலாளி அந்தக் குசினிக்காரனுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் குடுத்தா மற்ற குசினிக்காரர் என்ன விளங்கிக் கொள்ளுவினம்? 1983இல ஒவ்வொரு பொலிஸ்காரனுக்கும் சிறைக்காவலனுக்கும் அதுதான் விளங்கினது. விவியன் தீர்ப்பு ஜூனில. ஜூலை 25உம் 27உம் வெலிக்கடைச் சிறைக்குள்ள 53 தமிழரைக் கொண்டாங்கள். ஒருத்தரும் தண்டிக்கப்படேல்லை. எல்லாத்துக்கும் அந்தப் பத்தாயிரம்தான் காரணம் எண்டு நான் சொல்ல வரேல்லை, 83க்கு வேற வேரும் இருக்கு. ஆனா ஒண்டும் நடக்காது எண்ட துணிவு எங்கயிருந்து வந்தது எண்டு கேட்டா, அதில ஒரு பங்கு அந்த அமைச்சரவைக் கூட்டத்தில இருந்து வந்தது.

உடுகம்பொல பிரதிப் பொலிஸ் மாஅதிபர் வரைக்கும் ஏறினார். ஜேவிபியை அடக்கின காலத்தில தெற்கில சிங்களப் பெடியள் காணாமல் போனதோட அவற்ற பேரும் அடிபட்டது. 1992இல அரசாங்கத்தோட முறுகின பிறகு, கொலைக் குழுக்களை அரசாங்கம்தான் வைச்சிருந்தது எண்டு அவரே சத்தியக்கடதாசி குடுத்தார்.

நோர்வே சுத்தத் தங்கம் எண்டு தம்பியும் நினைக்கக்கூடாது. நாவ் கதையை மறந்திட்டமா? நோய்க்காசு மாதிரி உதவி எடுத்துக்கொண்டு வேற ஐரோப்பிய நாடுகளுக்குப் போன ஆக்களை, ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச விதியைப் பிழையா விளங்கி வருசக்கணக்கா மோசடிக்காரர் ஆக்கினவை. அதில கனபேர் மறியலுக்கும் போச்சினம். 2019 ஒக்டோபரில தான் பிழை வெளியில வந்தது. அடுத்த வருசம் வந்த அறிக்கை நாவை மட்டுமில்லை, வழக்குத்தொடுநர், நீதிபதி, சட்டத்தரணி எல்லாரையும் சேர்த்துக் குறை சொன்னது. இஞ்சயும் ஒரு அதிகாரியும் மறியலுக்குப் போகேல்லை. வித்தியாசம் என்னெண்டா, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது, வழக்குகளைத் திரும்பத் திறந்தது. பிழை விட்டவைக்கு அதுக்காகப் பதவி உயர்வு குடுக்கேல்லை.

இலங்கையில இப்ப கொஞ்சம் மாறுது எண்டும் சொல்ல வேணும். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு வழக்கில 2023 ஜனவரியில உச்ச நீதிமன்றம் மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, சொந்தக் காசில. நாப்பது வருசம் கழிச்சு அந்த ரெண்டு சொல்லைத் தீர்ப்பில பாக்கேக்க எனக்கு உடுகம்பொல ஞாபகம்தான் வந்தது.

அதே வருசம் டிசம்பரில, முன்னாள் படைக்காரர் ஒருத்தரைப் பிடிச்சுச் சித்திரவதை செய்த வழக்கில தேசபந்து தென்னக்கோன் உரிமையை மீறினவர் எண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ரெண்டு மாதம் போக, ரணில் அவரையே பொலிஸ் மாஅதிபர் ஆக்கினார். அச்சொட்டா 1983! ஆனா இந்தமுறை அதோட முடியேல்லை. 2024 ஜூலையில நீதிமன்றம் அவர் வேலை செய்யத் தடை போட்டது. 2025 ஓகஸ்ட் 5 பாராளுமன்றம் 177 வாக்கால அவரைப் பதவியில இருந்து தூக்கினது.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னா அடுத்த கேள்வியும் கேப்பான், தமிழற்ற வழக்கில எப்பிடியெண்டு. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில அஞ்சு மாணவரைச் சுட்ட வழக்கில பிடிச்ச விசேட அதிரடிப்படைக்காரர் 13 பேரையும், சாட்சி போதாது எண்டு 2019 ஜூலையில திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விட்டிட்டுது. சாட்சி சொல்ல வேண்டிய ஆக்களில சிலர் அப்பவே பயத்தில நாட்டை விட்டு வெளிக்கிட்டிட்டினம்.